டோக்கன் இல்லாமல் வருகிறவர்களைப் பற்றி, கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில், ஒரு தனியார் கிளினிக்கின் வாசல் மேஜையில் 19 வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். டோக்கன் கொடுப்பது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, எடை பார்ப்பது, பிரஷர் பார்த்துச் சீட்டில் எழுதுவது, ஃபீஸ் வாங்குவது எல்லாம் என் வேலை. முழங்கால் வலி அதிகமானதால் போன வருஷம் நின்றுவிட்டேன். டோக்கன் போடாமல் வந்து மேஜைக்கு முன்னால் நிற்கிறார்களே, அவர்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. வேலையில் இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் காலை 7 மணிக்குப் போனில் டோக்கன் கொடுக்க ஆரம்பிப்போம். அரை மணி நேரத்தில் அன்றைக்கான நம்பர் எல்லாம் முடிந்துவிடும். யாருக்குக் கிடைக்கும்? வீட்டில் இரண்டு மூன்று போன் இருப்பவர்களுக்கு, விடாமல் அடித்துக்கொண்டே இருக்க நேரம் உள்ளவர்களுக்கு. காலை 7 மணிக்கு வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருக்கிறவருக்குக் கிடைக்காது. பாச்சலூர், வடகாடு பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து இறங்குகிறவர்களுக்குக் கிடைக்காது. நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிக்குப் போன் அடிக்கத் தெரியாது, அடித்துக் கொடுக்கிற மகன் திருப்பூரில் இருப்பான். அப்புறம், பகல் 2 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காலை 7 மணிக்கே டோக்கன் போட்டிருக்க முடியுமா?

இப்போது பல இடங்களில் ஆப் வந்துவிட்டது. அது நல்லதுதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் ஆப் வந்த பிறகு வாசலில் வந்து நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால், முன்பைவிட ஏழைகளாக, முன்பைவிட வயதானவர்களாக இருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் போனுக்குள் போய்விட்டார்கள், இவர்கள் மட்டும் கதவருகில் நிற்கிறார்கள்.

இவர்களிடம் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "டோக்கன் இருக்கா?" 19 வருஷம் நானும் அதைத்தான் கேட்டேன். "என்ன செய்யுது?" என்று முதலில் கேட்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகக் கேட்டபோது என்ன நடந்தது என்பதை இங்கே எழுத வேண்டும்.

ஒரு நாள் மாலை நிறைமாதப் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். டோக்கன் இல்லை. தலைவலி தாங்கவில்லை, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. பிரஷர் பார்த்தேன், எனக்கே பயமாகிவிட்டது. அடுத்து உள்ளே போக இருந்தவரை நிறுத்திவிட்டு அவளை அனுப்பினேன். நிறுத்தப்பட்டவர் ஊரில் பெரிய மனிதர். அவர் உள்ளே போய்ச் சத்தம் போட்டார். டாக்டர் வெளியே வந்து, ஹாலில் முப்பது பேர் பார்க்க, "வரிசையை மாத்த உனக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பியதும் அவர்தான். என் கணிப்பு சரி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஹாலில் கேட்ட கேள்வி ஹாலிலேயே நின்றுவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேரிடம் ஃபீஸ் வாங்காமல் பார்த்திருக்கிறார், மருந்துக்குப் பணம் கொடுத்தும் அனுப்பியிருக்கிறார். அன்றைக்குக் கூட்டம் அதிகம், களைப்பு, பெரிய மனிதரின் கோபம், எல்லாம் சேர்ந்துவிட்டது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட அவருடைய மகள், பள்ளிக்கூட யூனிபாரத்தில். டோக்கன் இருக்கா என்றேன். இல்லைங்க என்றார். "நெஞ்சைக் கரிக்குதுங்க, வாயு மாதிரி இருக்கு. மத்தியானம் புரோட்டா சாப்பிட்டேன்." அப்போது உள்ளே 17ஆம் நம்பர் போயிருந்தது. அவருக்கு 41 கொடுத்தேன். ஏழரை ஆகும், உட்காருங்க என்றேன். அவர் மகளை அனுப்பிச் சோடா வாங்கி வரச் சொன்னார். மழைக்குப் பிறகு காற்று சில்லென்று இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்தபடியே சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்தியிருந்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு 18 என்று கூப்பிட்டேன். அப்புறம் 19, 20.

ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து அவர் உள்ளே போனார். டாக்டர் ஈசிஜி எடுத்தார், மாத்திரையைக் கடித்துச் சாப்பிடச் சொன்னார், 108க்குப் போன் போட்டார். மனிதர் பிழைத்துவிட்டார். ஆனால் மாரடைப்பில் ரத்தம் போகாத இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே போகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருதயம் பலவீனமாகிவிட்டதால் அவரால் பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. இப்போது மார்க்கெட் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிறார். என்னைப் பார்த்தால் சிரிப்பார், ஒரு பழம் கூடப் போட்டுக் கொடுப்பார். அந்த ஒரு மணி நாற்பது நிமிஷத்தை அவர் கணக்குப் பார்த்ததே இல்லை. நான் பார்க்கிறேன்.

இதில் சட்டப்படி யார் மேலும் தப்பு சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். டோக்கன் வரிசை சரியாக நடந்தது. அந்த வரிசையில், ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதற்கான பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை. இருந்த கொஞ்சம் தைரியமும் அந்த ஹாலில் போய்விட்டது.

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லி அழுதபோது அவள் ஒரு விஷயம் சொன்னாள். குழந்தைகளின் அவசர சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. வந்திருப்பவர்களில் யார் உடனே, யார் சீக்கிரம், யார் காத்திருக்கலாம் என்று பிரிப்பதுதான் அதன் முதல் பாடம். அந்தப் பாடத்தை டாக்டருக்கும் நர்சுக்கும் மட்டும் சொல்லித்தந்தால் போதாது, வாசலில் நிற்கிற காவலர், சீட்டு எழுதுகிறவர், கூட்டித் துடைக்கிறவர் என்று நோயாளியை முதலில் பார்க்கிற எல்லோருக்கும் ஆபத்து அறிகுறிகளைச் சொல்லித்தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மலாவி என்ற ஏழை நாட்டில், பிளான்டயர் நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனையில், குழந்தைகள் வந்தவுடன் இப்படிப் பிரித்துப் பார்த்து உடனே கவனிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இங்கேயும் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நம் கிளினிக்குகளின் வாசலில்தான் அது இல்லை.

சீட்டு எழுதுகிறவளும் கற்றுக்கொள்ளலாம் என்று அவ்வளவு பெரிய நிறுவனமே சொல்லியிருப்பதைக் கேட்டபோது எனக்கு உண்டான உணர்ச்சியை எழுதத் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்பு படித்தவள். ஆனால் எண்ணத் தெரியும். குழந்தையின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுவது கஷ்டமான வேலையா? இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுத்தால் காத்திருக்கவே கூடாது. பால் குடிக்க மறுக்கிறது, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு வந்தது, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மேஜைக்கு உள்பக்கம் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

பெரியவர்களுக்கும் இப்படி ஓர் அட்டை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். நெஞ்சு கரிப்போடு வேர்வை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் முதல் வரியாக இருக்கட்டும். வாய் கோணுதல், கை கால் திடீரென்று விழுதல், பேச்சுக் குழறுதல் இரண்டாவது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அவரை பெஞ்சில் உட்கார வைக்காமல் ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராக அனுப்ப வேண்டும், அதற்கு டோக்கன் எதற்கு? டெங்கு சமயத்தில், காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே வயிற்று வலியும் ஓயாத வாந்தியுமாக வருகிறவர்களைப் பற்றி எழுதுங்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்று வாசலில் இருக்கிறவளுக்குத் தெரியாவிட்டால், காய்ச்சல் இல்லையே, நாளைக்கு வாங்க என்றுதான் சொல்லுவாள்.

எங்கள் பக்கம் தோட்டத்துச் சாளைகளில், அதாவது குடிசைகளில், தரையில் படுக்கிறவர்கள் அதிகம். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வீக்கம் இருக்காது, கடித்தது தெரியாமலேயே தூங்கியிருப்பார்கள். விடிந்ததும் வயிற்று வலி என்று வந்து நிற்பார்கள், கண் இமை தூக்கமாகக் கீழே இறங்கியிருக்கும். இதை எனக்குச் சொன்னவர் ஒரு 108 ஊழியர். டோக்கன் மேஜையில் இருந்தபடி எத்தனை "சாதா வயித்து வலி"யை உட்கார வைத்திருப்பேனோ என்று அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. அதேபோல, தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்துவிட்டு எச்சில் ஒழுக, வேர்த்துக் கொட்ட வருகிறவர்கள். சர்க்கரை இறங்கித் தள்ளாடுகிறவர்களும் அப்படித்தான். உளறுவார்கள், நடை நேராக இருக்காது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வெளியே போகச் சொன்ன கிளினிக்குகளும் உண்டு. வெறும் வயிற்றில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வந்து பதினோரு மணி வரை காத்திருக்கும் சர்க்கரைக்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

இவர்கள் எல்லோரும் டோக்கன் இல்லாமல் வருகிறவர்கள். அவசரம் என்பது முன்கூட்டிப் போன் செய்து வராது.

சரி, டோக்கன் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் வாசலில் பார்த்தவரை, கூட்டம் கோபப்படுவது காரணம் தெரியாமல் ஒருவர் உள்ளே போகும்போதுதான். "இந்தப் பாப்பாவுக்கு மூச்சு வாங்குது, முதல்ல அனுப்புறேன்" என்று சத்தமாகச் சொன்னால் ஒருத்தர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. வழிவிட்டு நகர்ந்து நிற்பார்கள், பாட்டிமார் எழுந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். காரணம் சொல்லாமல் பின்பக்கக் கதவு வழியாகத் தெரிந்தவர்களை அனுப்பும்போதுதான், "ஏம்மா, நாங்க மனுஷங்க இல்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு நாளும் பதில் இருந்ததில்லை. தயவுசெய்து அந்தப் பின்கதவைப் பூட்டிவிடுங்கள்.

அவசரம் இல்லாமல், டோக்கனும் இல்லாமல் வருகிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். சளி, இருமல், தோல் அரிப்பு, மாத்திரை தீர்ந்துபோனது. இவர்களைத் திடீரென்று வந்தவர்கள் என்று சொல்கிறோம், ஆனால் இவர்கள் தினமும் வருகிறார்கள். திங்கட்கிழமை கூட்டம் இருக்கும், புதன்கிழமை குறையும், பொங்கல், தீபாவளி முடிந்த மறுநாள் வாசல் கொள்ளாது. ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதி வைத்தால், நாளைக்கு எத்தனை பேர் டோக்கன் இல்லாமல் வருவார்கள் என்பதை ஏறக்குறைய சொல்லிவிடலாம். வருவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு ஏன் இடம் வைக்கக் கூடாது?

ஐம்பது டோக்கனையும் காலை 7 மணிக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பதினைந்தை மேஜையிலேயே வையுங்கள், திங்கட்கிழமை இருபது. போனில் போட்டவர்கள் மூன்று பேர் போனதும் நேரில் வந்தவர் ஒருவர் என்று மாற்றி மாற்றி அனுப்பலாம். இரண்டு நிறத்தில் அட்டை இருந்தால் எல்லோருக்கும் புரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ரோஸ்வில் என்ற ஊரில் கைசர் பெர்மனன்டே மருத்துவமனைக்காரர்கள் இதை இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள் என்று மகள் சொன்னாள். பெரும்பாலான நேரத்தை அன்றன்றைக்குக் கேட்பவர்களுக்காகவே காலியாக வைத்தார்கள். சாதாரண விஷயத்துக்கு 55 நாள் காத்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு வருஷத்துக்குள் அது 1 நாளாகக் குறைந்துவிட்டதாம். அங்கே வேறு வசதி, வேறு கூட்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு வந்தவரை இன்றைக்கே பார்த்து முடித்தால் நாளைய கூட்டம் குறையும் என்ற கணக்கு எந்த ஊருக்கும் ஒன்றுதான். எங்கள் வாசலில் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பப்பட்டவர், நாளைக்கு இன்னும் முற்றிய சளியோடு, இன்னும் அதிக நேரம் எடுக்கிற நோயாளியாக வந்தார்.

ரிப்போர்ட் காட்ட வருகிறவர்களுக்கு ஓபி தொடங்கும் முன் அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்கு ஓபி முடிந்த பிறகு. அவ்வளவுதான்.

காத்திருக்கச் சொல்லும்போது உண்மையான நேரத்தைச் சொல்ல எங்களுக்கு அனுமதி கொடுங்கள். டாக்டர் இதோ வந்துவிடுவார் என்று நான் சொன்ன நாட்களில் பல நாள் நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தீர்கள், எனக்கும் அது தெரியும். எட்டு மணி ஆகும், போய்ச் சாப்பிட்டு வாங்க, உங்கள் நம்பர் போகாது என்று சொன்னால் ஜனங்கள் போய்விட்டு வருவார்கள். மலைக்குக் கடைசி பஸ்ஸில் போக வேண்டியவர்களை மட்டும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ்ஸை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் குழந்தையோடு படுத்திருந்த ஒரு குடும்பத்தை மறுநாள் காலை பார்த்திருக்கிறேன். அவர்கள் முதல் நாள் எங்கள் 53ஆம் நம்பர்.

இனிமேல் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது என்கிற நாட்களும் உண்டு. நீங்களும் மனிதர்கள்தான், இரவு பத்து மணிக்கு உங்கள் கண் சிவந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் அனுப்பிவிடலாம், ஆனால் கேட்காமல் அனுப்பக் கூடாது. என்ன செய்யுது என்று கேட்டு, பிரஷர், காய்ச்சல், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி, மூன்றையும் பார்த்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். ஆபத்தாக இருந்தால் அங்கேயே முதலுதவி செய்து 108ஐ வரவழைக்க வேண்டும். 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று சொல்லிவிட்டது. விபத்தில் அடிபட்ட ஒருவரைப் போலீஸ் கேஸ் என்று வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, போகும் வழியிலேயே அவர் இறந்துபோனதிலிருந்து வந்த வழக்கு அது. தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். உங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரியுமா? கதவருகில் "டாக்டர் இல்லை" என்று சொல்கிற குரல் அவளுடையதுதானே.

இந்திய மருத்துவச் சங்கத்தின் கிளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புகள் நடத்திக்கொள்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கொடுங்கள். ஊரில் உள்ள எல்லாக் கிளினிக்குகளின் டோக்கன் மேஜைக்காரர்களையும் கூப்பிட்டு, மூச்சு எண்ணவும், ஆபத்தை அடையாளம் காணவும், சண்டைக்கு வருகிறவரைச் சமாதானப்படுத்தவும் அரை நாள் சொல்லித்தாருங்கள். பாதிப் பேர் என்னைப் போலப் பள்ளிப்படிப்போடு நின்றவர்கள், சம்பளமும் சொல்லும்படி இருக்காது. கூப்பிட்டால் வருவார்கள். முழங்கால் வலியோடு நானும் வருகிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

அட்டை, நோட்டு, ஒதுக்கின டோக்கன், பயிற்சி எல்லாம் செய்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும், அதை நீங்கள் மட்டும்தான் செய்ய முடியும். ஒரு நாள் மாலை, கூட்டம் நிறைந்திருக்கும்போது உங்கள் அறையை விட்டு வெளியே வாருங்கள். மேஜைக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ரொம்ப முடியாதவங்களை இவங்க முதல்ல உள்ளே அனுப்புவாங்க. நான்தான் சொல்லியிருக்கேன். அதுல தப்பு நடந்தா என்னைக் கேளுங்க" என்று சொல்லுங்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

பணிவுடன்,
19 வருஷம் டோக்கன் கொடுத்தவள்